நவீன சீன ஆய்வில் முதுகலை: பல்கலைக்கழகத்துக்கு முன் முடிவெடுக்க வேண்டியவை

வரலாற்றில் இளங்கலைப் பட்டமும் எச்.எஸ்.கே. என்னும் சீனமொழித் தகுதித் தேர்வில் நான்காம் நிலை அளவுக்குச் சீனமொழிப் பயிற்சியும் உள்ள ஒருவர், நவீன சீன ஆய்வில் ஆய்வை மையமாகக் கொண்ட முதுகலைப் படிப்பில் சேர விரும்புவதாகவும், அதற்கு எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்று சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். கேள்வி பல்கலைக்கழகத்தின் பெயரைப் பற்றியதாகத் தோன்றினாலும், அவர் தொடர்ந்து எழுதியிருக்கும் வரிகளையும் சேர்த்துப் படித்தால் அவருடைய கவலை வேறு என்பது தெரிகிறது. தன் சீனமொழி அறிவு ஆய்வுக்குப் போதுமா, சீனாவின் ஆவணக் காப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவரும் காலத்தில் இப்படியோர் ஆய்வைச் செய்து முடிக்க இயலுமா, இரண்டு ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் இதில் செலவிடுவது தகுமா என்பவையே அவர் உண்மையில் கேட்பவை. நான் நவீன சீன வரலாற்றில் பயிற்சி பெற்றிருக்கிறேன். முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாக நெறிப்படுத்தி வருகிறேன். எனவே வரலாறு, அரசியல், சமூகம் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்பவற்றை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். சீன இலக்கியம், திரைப்படம், பொருளியல் ஆகிய பக்கங்களில் ஆய்வு செய்ய விரும்பினால், அந்தத் துறைகளில் இருப்பவர்களின் சொல்லை என் சொல்லுக்கு மேலாக வையுங்கள்.

முதலில், ஆய்வை மையமாகக் கொண்ட முதுகலை என்பது ஓராண்டுப் பாடவழி முதுகலையிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், அங்கே ஆசிய ஆய்வில் 60 ஐரோப்பிய மதிப்பலகுகள் கொண்ட ஓராண்டுப் படிப்பும், 120 மதிப்பலகுகள் கொண்ட ஈராண்டு ஆய்வு முதுகலையும் தனித்தனியாக இருக்கின்றன. அந்நாட்டுக் கணக்கில் ஒரு மதிப்பலகு என்பது 28 மணிநேர உழைப்பு. ஆகவே இரண்டாவது படிப்பு ஏறத்தாழ 3,360 மணிநேரம் கேட்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே பிரிவினை உண்டு, ஓராண்டு எம்.எஸ்சி. ஒரு பக்கம், ஈராண்டு எம்.ஃபில். மறுபக்கம். இந்த எம்.ஃபிலை, பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திய நம் நாட்டு எம்.ஃபிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டின் எம்.ஃபில். இளங்கலைக்குப் பின் நேரடியாகச் சேரக்கூடிய முதுகலைப் பட்டம்தான். ஓராண்டுப் படிப்பில் அக்டோபரில் வகுப்பு தொடங்கி அடுத்த கோடைக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும் என்பதால், பெரும்பாலோர் ஆங்கிலத்தில் ஏற்கெனவே வெளிவந்த நூல்களைத் தொகுத்து ஒரு கருத்தை எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் சீனமொழி மூலச் சான்றுகளைத் தேடி, படித்து, அவற்றில் முரண்படுபவற்றை எடைபோட்டு, முன்பு யாரும் சொல்லாத ஒன்றைச் சிறிய அளவிலாவது நிறுவ வேண்டும் என்றால், மொழி வளர்வதற்கும் தேடல் பொய்த்துப்போவதற்கும் சேர்த்துத்தான் காலம் ஒதுக்க வேண்டும். உங்களுடைய தற்போதைய மொழிநிலையில் ஈராண்டுப் படிப்பைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, இந்தப் பதிலில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் ஒன்று. தலைப்பை முடிவு செய்துவிட்டு மூலங்களைத் தேடிப் போகாதீர்கள். உங்களால் எட்ட முடிகிற, உங்களால் படிக்க முடிகிற மூலத்தொகுதி எது என்று முதலில் கண்டறிந்து, அதிலிருந்து கேள்வியை எழுப்புங்கள். பல்கலைக்கழகத்தையும் நெறியாளரையும் அந்தக் கேள்வியே தேர்ந்தெடுத்துத் தரும். விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் தலைப்புகள் 'சீனாவின் எழுச்சியும் உலக ஒழுங்கும்', 'சீனாவின் சுற்றுச்சூழல் அரசியல்' போன்றவை. இவை ஆய்வுத் தலைப்புகள் அல்ல, நூலகத்தின் அலமாரிப் பெயர்கள். சுற்றுச்சூழலில் உண்மையான ஆர்வம் உள்ள மாணவர் ஒருவரை, மஞ்சள் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சன்மென்சியா அணையை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். அந்த ஆற்றைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்கு 1955 ஜூலையில் தேசிய மக்கள் பேரவை ஒப்புதல் தந்தது. சோவியத் பொறியாளர்களின் வடிவமைப்பில் 1957இல் கட்டுமானம் தொடங்கியது. 1960இல் நீரைத் தேக்கத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளுக்குள் வண்டல் படிந்து ஆற்றுப்படுகை உயர்ந்து, கிளையாறான வெய் ஆற்றின் சமவெளியும் சிஆன் நகரமும் வெள்ள அச்சத்துக்கு உள்ளாயின. நீரைத் தேக்கும் திட்டத்தையே கைவிட்டு, வண்டலை வெளியேற்றும் சுரங்கவழிகளைப் பின்னர் அமைக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே இந்த அணையை எதிர்த்த சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி 1957இல் வலதுசாரி, அதாவது கட்சிக்கு எதிரானவர், என்று முத்திரை குத்தப்பட்டார். அணைக்காக நிலம் இழந்த உழவர்களில் ஒரு பகுதியினர் வறண்ட நிங்சியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பிழைக்க முடியாமல் திரும்பி வந்தார்கள்.

இந்த ஒரு அணையை எடுத்துக்கொண்டால், மைய அரசின் ஆவணக் காப்பகத்துக்குள் காலடி வைக்காமலேயே எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அதிகாரபூர்வ ஏடான 'மக்கள் நாளிதழ்' 1946 முதல் முழுமையாக எண்ணிமமாக்கப்பட்டிருக்கிறது. நீர்வளத் துறையின் தொழில்முறை இதழ்களில் 1950களின் பொறியியல் விவாதங்கள் அச்சாகியிருக்கின்றன. 1980களிலிருந்து ஒவ்வொரு மாவட்டமும் வெளியிட்ட புதிய உள்ளூர் வரலாற்றுத் தொகுப்புகளில் மக்கள் இடப்பெயர்வு, நில அளவு, பயிர், பஞ்சம் ஆகியவை பற்றிய இயல்கள் இருக்கின்றன. பொறியாளர்களின் நினைவுக்குறிப்புகள் உள்ளன. சோவியத் பங்கை ஆராய்பவருக்கு ரஷ்ய மொழி வேறொரு வாயிலைத் திறக்கும். இவற்றில் எதுவும் தனியாக முழு உண்மையைச் சொல்லாது. ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கும் வேலைதான் ஆய்வு, அந்தப் பயிற்சியைத்தான் இந்தப் பட்டம் தருகிறது.

அந்தப் பயிற்சி ஏன் இந்தத் துறையில் இன்றியமையாதது என்பதற்கு, மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' இயக்கம் தொடங்கிய 1958ஆம் ஆண்டின் உணவு தானியக் கணக்கே போதும். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹுபெய் மாநிலத்தின் மாசெங் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுப் பண்ணை ஒரு மூ நிலத்தில் 36,900 ஜின் நெல் விளைவித்ததாக 'மக்கள் நாளிதழ்' எழுதியது. ஒரு மூ என்பது ஏக்கரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, ஒரு ஜின் அரைக் கிலோ; அதாவது ஏக்கருக்கு நூறு டன்னுக்கு மேல். நெல் வயலைப் பார்த்திருக்கும் எவருக்கும் இது நடக்காத காரியம் என்று தெரியும். நாடு முழுவதுக்கும் அவ்வாண்டு 37.5 கோடி டன் விளைந்ததாக முதலில் அறிவித்தார்கள். 1959இல் அதை 25 கோடியாகக் குறைத்தார்கள். பின்னாளில் அதிகாரபூர்வக் கணக்கு 20 கோடி என்று நின்றது. இந்த மூன்று எண்களும் அரசு வெளியிட்டவையே. எந்த எண் எப்போது, யாருக்காக, எந்த அச்சத்தின் கீழ் எழுதப்பட்டது என்று கேட்கத் தெரியாதவர், எவ்வளவு சீனம் படித்திருந்தாலும் அந்தக் காலத்தைப் பற்றி எழுத முடியாது. பொய்யான எண்ணும் ஒரு சான்றுதான், விளைச்சலைப் பற்றி அல்ல, கட்சி அமைப்பு எப்படி இயங்கியது என்பதைப் பற்றி. அந்தப் பொய்க்குப் பின்னால் கோடிக்கணக்கான மக்களின் பட்டினி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன்.

மொழியைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. எச்.எஸ்.கே. நான்காம் நிலை உரையாடவும் எளிய செய்தியைப் படிக்கவும் உதவும், ஆய்வுக்குப் போதாது. 2021இல் வந்த புதிய தர அளவுகோல் ஒன்பது நிலைகளில் 11,092 சொற்களை வைத்திருக்கிறது. ஓர் இதழ்க் கட்டுரையை அகராதியின் துணையோடு, ஆனால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழாமல் படிப்பதற்கு, பழைய அளவுகோலின் உச்சமான ஆறாம் நிலைக்கு அருகிலாவது வந்திருக்க வேண்டும். அதற்கு மேலும் சில தேவைகள் உண்டு. அவற்றை எந்தத் தேர்வும் அளப்பதில்லை. 1956இல் எழுத்துச் சீர்திருத்தத் திட்டம் வருவதற்கு முன் அச்சான அனைத்தும் பழைய முழு எழுத்துகளில்தான் இருக்கும். தைவான், ஹாங்காங் வெளியீடுகள் இன்றும் அப்படியே. குடியரசுக் கால (1912-49) அலுவல் கடிதங்கள் செவ்வியல் நடையின் சாயலில், பல வேளைகளில் நிறுத்தக்குறி இல்லாமல் எழுதப்பட்டவை. ஆண்டுகளைக் குடியரசு ஆண்டாகக் குறித்திருப்பார்கள். 1911ஐக் கூட்டினால் நம் கணக்கு கிடைக்கும், குடியரசு 26 என்றால் 1937. கையெழுத்து ஆவணம் என்றால் அது தனிப் பயிற்சி. ஆகவே செவ்வியல் சீனத்தில் ஓராண்டு வகுப்பாவது தரும் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். 1949க்கு முந்தைய பொருளாதாரம், மஞ்சூரியா, போர்க்காலம் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் ஜப்பானிய மொழியும் வேண்டும். ஜப்பானின் தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவனம் நடத்திய கிராமக் கணக்கெடுப்புகளுக்கு ஈடான மூலம் வேறு இல்லை.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பிறகு இவ்வளவும் தேவையா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நூறு பக்கங்களில் எந்தப் பத்துப் பக்கங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கண்டுகொள்ள அது உதவுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அரசியல் இயக்கங்களைச் சுருக்கி எண்களால் குறிக்கும் வழக்கம், ஒரு தலைவரின் பெயரை விட்டுவிடுவதன் மூலமே அவர் வீழ்ந்ததை உணர்த்தும் நடை, ஒரு கூட்டத்தில் யார் பெயர் எந்த வரிசையில் வந்தது என்பதன் பொருள் ஆகியவை இயந்திரத்தின் வழியாக வடிகட்டப்படும்போது காணாமல் போகின்றன. நவீன சீன ஆவணங்களில் பாதிச் செய்தி இவற்றில்தான் இருக்கிறது.

அடுத்தது ஆவணங்களின் அணுக்கம், அதாவது அவற்றைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. இங்கே உறுதியானதையும் என் கணிப்பையும் பிரித்துச் சொல்கிறேன். சீன வெளியுறவு அமைச்சகத்தின் காப்பகம் 2004இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டு, 2012-13 அளவில் பெரும்பாலும் மூடப்பட்டது. 2021இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட ஆவணச் சட்டம், ஆவணங்களைத் திறக்கும் காலத்தை முப்பது ஆண்டிலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்தது. ஆனால் தாளில் குறைந்த காலம் வாசிப்பறையில் அதே அளவு எளிமையைத் தரவில்லை. ஹாங்காங்கில் 1963 முதல் உலகெங்கிலுமுள்ள சீன ஆய்வாளர்களுக்குப் புகலாக இருந்து, பின்னர் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு மையம் 2021இல் தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்தி, அதன் சேகரம் பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்க்கப்பட்டது. சீன ஆய்விதழ்களின் பெருந்தொகுப்பான சி.என்.கே.ஐ. தரவுத்தளத்தில் ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், புள்ளிவிவர ஆண்டேடுகள் ஆகியவற்றுக்கான வெளிநாட்டு அணுக்கம் 2023 ஏப்ரலிலிருந்து கட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் எதிர்உளவுச் சட்டத்தின் வரம்பு விரிந்தது. இவை நடந்தவை. இந்த இறுக்கம் உங்கள் ஈராண்டுக் காலத்தில் பெரிதாகத் தளராது என்பது என் கணிப்பு மட்டுமே. 2025 அக்டோபரில் இந்திய-சீன நேரடி விமானங்கள் மீண்டும் தொடங்கியதைப் போன்ற நல்ல மாற்றங்களும் நடக்கின்றன. இருந்தாலும் விசா கிடைத்தால்தான் முடியும் என்ற நிலையில் ஓர் ஆய்வுத் திட்டத்தை அமைக்க வேண்டாம். சமகாலச் சமூகத்தை நேர்காணல் வழியாக ஆராய விரும்பினால் இன்னொரு பொறுப்பும் உண்டு. உங்கள் குறிப்பேடு கைப்பற்றப்பட்டால் உங்களுக்கு வரும் இடரைக் காட்டிலும், உங்களிடம் பேசியவருக்கு வரும் இடர் பெரிது. அதை முன்கூட்டியே நெறியாளரோடு அமர்ந்து பேசாத எந்த மாணவரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது என்பதே என் நிலை.

கதவுகள் மூடியிருப்பதால் துறை முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தைவானின் தைப்பேயில் தேசிய வரலாற்று நிறுவனமும், அகாடமியா சினிகா என்னும் ஆய்வு நிறுவனத்தின் நவீன வரலாற்று ஆய்வகக் காப்பகமும் சீனாவின் கடைசி அரசமரபான சிங் பேரரசின் இறுதிக் காலம் முதல், கம்யூனிஸ்ட் கட்சிக்கு முன் ஆண்ட குவோமிந்தாங் கட்சியின் ஆட்சி வரையான ஆவணங்களை வெளிநாட்டவருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனத்தில் 2006 முதல் படிக்கக் கிடைத்த குவோமிந்தாங் தலைவர் சியாங் கை-ஷேக்கின் நாட்குறிப்புகள் 2023இல் தைவானுக்குத் திரும்பின. 1872 முதல் 1949 வரை ஷாங்காயில் வெளிவந்த 'ஷென்பாவ்' நாளிதழ் முழுவதும் எண்ணிம வடிவில் இருக்கிறது. இந்தியரான உங்களுக்கு, மேலைநாட்டு மாணவர்கள் அதிகம் தொடாத ஒரு சேகரமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. மேற்குச் சீனாவின் சின்ஜியாங்கில் உள்ள காஷ்கரில் பிரிட்டிஷ் இந்தியா நடத்திய தூதரகத்தின் கோப்புகள் டெல்லியின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. சின்ஜியாங்கின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றுக்கு அவை முதன்மை மூலம். 1956இல் இந்திய அரசு சீனாவின் வேளாண்மையைப் பார்த்துவர இரண்டு குழுக்களை அனுப்பியது. ஆர்.கே. பாட்டீல் தலைமையிலான குழு கூட்டுறவுப் பண்ணைகளைப் பற்றியும், எம்.வி. கிருஷ்ணப்பா தலைமையிலான குழு வேளாண் திட்டமிடல், உத்திகள் பற்றியும் அறிக்கை தந்தன. அந்த அறிக்கைகளை, அதே பண்ணைகளைப் பற்றிய சீன நாளிதழ்ச் செய்திகளோடும் மாவட்ட வரலாற்றுத் தொகுப்புகளோடும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஓர் ஆய்வேட்டைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆவல். அதற்குப் பெய்ஜிங் காப்பகத்தின் அனுமதி தேவையில்லை.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வரலாம். லெய்டனில் 1877 முதல் சீனவியல் பேராசிரியர் பதவி இருக்கிறது. 2017இல் திறக்கப்பட்ட ஆசிய நூலகம் ஐரோப்பாவின் மிகச் சிறந்த சேகரங்களில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் நூலகமும் சீன ஆய்வு மையமும் ஒரே கட்டடத்தில் இயங்குகின்றன. பல துறை ஆசிரியர்கள் அங்கே ஒன்றுகூடுவது மாணவருக்குப் பெரும் பேறு. ஹார்வர்டின் கிழக்காசிய வட்டார ஆய்வு முதுகலை, முனைவர் பட்டத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு நல்ல படிக்கட்டு, ஆனால் செலவு கடுமை. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் யென்சிங் அகாடமி 2015 முதல் ஆங்கிலவழியில், நிதியுதவியோடு சீன ஆய்வு முதுகலையை நடத்துகிறது; பெய்ஜிங்கில் வாழ்ந்து மொழியை உறுதிப்படுத்திக்கொள்ள அது சிறந்த இடம், ஆனால் அரசியல் வகையில் சிக்கலான தலைப்பை அங்கே எடுப்பது கடினம். நம் நாட்டில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறை, 1937இல் தாகூரின் சாந்திநிகேதனில் தொடங்கிய சீனா பவன் ஆகியவை உள்ளன. வெளிநாடு செல்வதற்கு முன் மொழியை வலுப்படுத்த இவற்றை ஒரு கட்டமாகவும் கொள்ளலாம். சென்னையிலேயே இருப்பவர்கள் ஐ.ஐ.டி.யின் சீன ஆய்வு மையம் நடத்தும் கருத்தரங்குகளுக்குச் செல்லத் தவற வேண்டாம்.

பணம் பற்றி நேராகவே சொல்கிறேன். இந்தப் பட்டத்துக்காகப் பெரிய கல்விக்கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆய்வு முதுகலையின் இயல்பான அடுத்த படி முனைவர் பட்டம், அதற்குப் பின்னான ஆசிரியப் பணியிடங்கள் எல்லா நாடுகளிலும் குறைவு. கொள்கை ஆய்வு நிறுவனங்கள், இதழியல், மொழிபெயர்ப்பு, வெளியுறவுத் துறை சார்ந்த பணிகள் ஆகியவற்றில் இந்தப் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. நன்றாகச் சீனம் படிக்கத் தெரிந்த இந்தியர்கள் மிகக் குறைவு என்பதால் அந்த மதிப்பு கூடிவருவதாகவே நான் கருதுகிறேன். ஆனால் அது கடன் தவணையைக் கட்டும் அளவுக்கு விரைவில் ஊதியமாக மாறும் என்று யாரும் உறுதி தர முடியாது. இந்திய மாணவர்களுக்கென உள்ள ஃபெலிக்ஸ் உதவித்தொகை, ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன், ரோட்ஸ், லெய்டனின் சிறப்பு உதவித்தொகை ஆகியவற்றுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். அவை கிடைக்காவிட்டால், தைவான் அரசின் ஹுவாயூ உதவித்தொகையில் ஓராண்டு அங்கே மொழியை மட்டும் படித்துவிட்டு மறுபடியும் விண்ணப்பிப்பது, கடனோடு உடனே சேர்வதைவிட எல்லா வகையிலும் நல்லது. அந்த ஓராண்டில் முழு எழுத்துகளும் பழகிவிடும், தைப்பேயின் காப்பகங்களுக்கும் நேரில் போய்வரலாம்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பர், ஜனவரியில் முடிகின்றன. அதற்கு முன் உள்ள மாதங்களில், மேலே சொன்னவற்றில் ஒரு சிறு மூலத்தொகுதியை எடுத்து, அதில் இருபது பக்கங்களை உண்மையிலேயே சீனத்தில் படியுங்கள். அந்த இருபது பக்கங்களிலிருந்து எழும் ஒரு கேள்வியை இரண்டு பத்திகளில் எழுதி, அந்தப் பொருளில் அண்மையில் கட்டுரை வெளியிட்டிருக்கும் இரண்டு அல்லது மூன்று பேராசிரியர்களுக்கு அனுப்புங்கள். தங்கள் துறையில் சேர வேண்டும் என்ற பொதுவான விருப்பத்தைத் தெரிவிக்கும் கடிதங்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன, அவற்றுக்குப் பயனுள்ள பதில் எழுத வழியில்லை. ஒரு குறிப்பிட்ட ஆவணத்தைக் காட்டி, இதில் இந்த இடம் எனக்கு விளங்கவில்லை, இதைத் தொடர்ந்து ஆராய உங்களிடம் படிக்கலாமா என்று கேட்கும் கடிதத்துக்கு நான் எப்போதும் பதில் எழுதுகிறேன். என் சக ஆசிரியர்களில் பலரும் அப்படித்தான். யார் பதில் எழுதுகிறார்கள், அந்தப் பதிலில் உங்கள் கேள்வியைக் கூர்மையாக்கும் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதியவர் பணிபுரியும் இடத்தையே உங்கள் பட்டியலில் முதலில் வையுங்கள்.